கண் வைக்காத முருகர்

முதல் வளைவு வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் தூரிகைப் பை. வலது கையில் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் காயாத கறுப்புப் பெயிண்ட். பின்னால் ஒரு பெண் குரலும் ஓர் ஆண் குரலும் மாறி மாறி ஏறிக்கொண்டிருந்தன. என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடவில்லை. "ஆர்டிஸ்டு" என்ற சொல் மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் தெளிவாக வந்தது.

ஜமுனாமரத்தூர் போகும் தார் ரோட்டுக்கு அந்த ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் மண் பாதை. வெயில் சாய்ந்திருந்தது. புளிய மரங்களின் நிழல் பாதையைக் குறுக்கே வெட்டிக் கிடந்தது. நான் வேகமாக நடந்தேன். ஓர் இடத்தை விட்டுப் போகும்போது என் கால்கள் எப்போதும் நன்றாக நடக்கும். வந்து சேரும்போதுதான் வலிக்கும்.

"காலைல வர்றேன், ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பிய பல ஊர்களுக்கு நான் திரும்பிப் போனதே இல்லை.

பின்னால் இருந்தது புதுக் கட்டடம் ஒன்று. அதன் ரோடு பார்த்த சுவரில் பத்தடி உயரத்துக்கு முருகர். வேல், மயில், கிரீடம், பட்டு வேட்டி, எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணில் கருமணி மட்டும் பாக்கி. அந்த இரண்டு புள்ளிகளுக்காகத்தான் சண்டை.

போனில் கேட்டது

தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் சுவரில் படம் எழுதிப் பிழைப்பவன். ஒன்பதாம் வகுப்போடு செங்கம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓட்டலில் தட்டு கழுவினேன், செங்கல் சூளையில் மண் மிதித்தேன், லாரியில் கிளீனராகப் போனேன். அதையெல்லாம் முந்தைய வாரங்களில் எழுதிவிட்டேன். லாரியின் பின்கதவில் கழுகு வரைந்ததில் தொடங்கியது இந்தத் தொழில்.

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. சின்ன ர, பெரிய ற இரண்டும் இன்றைக்கும் தகராறுதான். அதனால் எந்த போர்டு என்றாலும் முதலில் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்வேன். அதைப் பார்த்துப் படம் வரைவதுபோல வரைந்துவிடுவேன். "படத்தில் எழுத்துப்பிழை வராது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பெருமையும் இந்த ஊரோடு போயிற்று.

நடந்தது இதுதான். ஒரு நாள் காலையில் அங்கன்வாடிச் சுவரில் யானை வரைந்துகொண்டிருந்தேன். யானை சிரிக்க வேண்டும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சிரிக்காத யானையைப் பார்த்தால் குழந்தைகள் உள்ளே வராதாம். யானைக்கு உதட்டை எந்தப் பக்கம் மேலே இழுப்பது என்று யோசிக்கும்போது போன் வந்தது. மலையில் சிக்னல் எப்படி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு சொல் வரும், ஒரு சொல் போகும்.

"ஆர்டிஸ்டா? மகளிர் குழுவுல இர்ந்து பச்சையம்மா பேசறேன். புது கட்டடத்துல சாமெ படம் போடணும். செவுரு ஃபுல்லா."

"போட்டுட்லாம்க்கா. எந்த சாமி?"

"எந்த சாமெயா? நம்ம மலை சாமெ தான். வேற இன்னா சாமெ கீது இங்க?"

"சரிக்கா. எப்டி வேணும்?"

"கதிரு நல்லா தெரியணும். பெர்சா, ஆள் ஒசரத்துக்கு. தங்கம் கணக்கா மஞ்சளா அடிச்சிடு. பக்கத்துல ஒரு பறவயும் போடு, அழகா இர்க்கும்."

"மயில் தானேக்கா?"

போன் அறுந்துவிட்டது.

மலைச்சாமி. கதிர்வேல். தங்க நிறம். பக்கத்தில் பறவை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? நீங்களாக இருந்தால் வேறு யாரை வரைந்திருப்பீர்கள்?

அவர் மறுபடி கூப்பிட்டார். கட்டடம் பள்ளிக்கூடத்தைத் தாண்டி இருக்கிறது என்றும், தாங்கள் பன்னிரண்டு பேரும் மெஷின் ஓட்டக் கற்றுக்கொள்ள இரண்டு நாள் திருப்பத்தூர் போகிறோம் என்றும், படத்தை முடித்து வை, எழுத்து என்னவென்று வந்து சொல்கிறோம் என்றும் சொன்னார். என்ன மெஷின் என்று நான் கேட்கவில்லை. யானை இன்னும் சிரிக்காமல் நின்றது.

யாருக்கும் நேரமில்லை

இந்தத் தொழில் செத்துவிட்டதா என்று கீழேயிருந்து வருகிறவர்கள் பாவப்பட்டுக் கேட்கிறார்கள். ஃப்ளெக்ஸ் வந்துவிட்டதே என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். ஜவ்வாது மலைக் காற்றுக்கு ஃப்ளெக்ஸ் இரண்டு மாதம்கூடத் தாங்காது. மூன்றாம் மாதம் அது யாராவது ஒருவர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகியிருக்கும். தலைவர் படம் போட்டது என்றால் மாடு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அசைபோடும். சுவரில் எழுதியது அப்படியே நிற்கிறது.

எனக்கு வேலை இல்லாத நாள் குறைவு. பள்ளிக்கூடத்துக்கு வாய்ப்பாடு, கோழிக்கடைக்குக் கோழி, சுற்றுலாக்காரர்கள் தங்குகிற விடுதிகளுக்குப் புலி. ஒரே நாளில் மூன்று பேர் கூப்பிட்டு "எங்க கீற?" என்பார்கள். மூன்று பேரிடமும் "வந்துக்கினே கீறேன்" என்பேன். போனின் கண்ணாடி முழுக்கப் பெயிண்ட். பச்சைக்கறைக்குக் கீழே யார் பெயர் வருகிறது என்று தெரியாமல் எடுத்துப் பேசுவேன்.

எல்லோரும் ஒரு படத்தை அனுப்பி "இதேமாதிரி" என்பார்கள். வெள்ளைக்காரன் ஊர்ப் புலி, பனியில் நிற்கும். அதைக் கொய்யா மரத்தடியில் நிற்க வைக்க வேண்டும். வரைந்து முடித்ததும் பின்னால் நிற்கிறவர் தலையைச் சாய்த்துப் பார்த்து, "மொறைக்கிற மாதிரி கீதே" என்பார். புலி வேறு எப்படிப் பார்க்கும்?

ஒருமுறை சாரம் சரிந்து விழுந்து தோள் எலும்பு உடைந்தது. இரண்டு மாதம் இடது கையால் எழுதப் பழகினேன். இப்போது இரண்டு கையாலும் வேலை செய்வேன். கெட்டதில் கிடைத்த நல்லது அது.

மொத்தத்தில் எனக்கு இந்த வாழ்க்கை பிடித்திருக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்தால் எதிர்ச் சுவரில் என் கோழி தெரியும். இன்னொருவர் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார். நான்தான் வரைந்தேன் என்று சொல்ல மாட்டேன். டீ அன்றைக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

தேங்காய் உடைத்தார்கள்

புதுக் கட்டடத்தில் முதல் நாள் நூல் அடித்துக் கட்டம் போட்டு உருவத்தைக் கொண்டுவந்தேன். மதியத்துக்குள் வேல் தெரிந்துவிட்டது. ஊர்ப் பூசாரி வெள்ளையன் அந்தப் பக்கம் வந்தவர் அப்படியே நின்றார். ஒல்லியான மனிதர், காதில் பீடி.

"யார் சொல்லி எழுதற?"

"குழு அக்கா சொன்னாங்க."

"பச்சையம்மாவா? முருகரையா?" அவருக்கு நம்ப முடியவில்லை. "பரவால்லியே. அதுங்களுக்கும் புத்தி வந்துச்சே."

அவரே எனக்கு டீ வாங்கி வந்தார். மறுநாள் காலையில் நாலு ஆட்களோடு வந்து தேங்காய் உடைத்துச் சூடம் ஏற்றினார். எனக்குப் பெருமையாக இருந்தது. எந்தக் கோழிக்கும் யாரும் சூடம் ஏற்றியதில்லை.

கண்ணைக் கடைசியாக எழுதுவது என் வழக்கம். சாமிப் படம் எழுதுகிற எல்லோருக்கும் அதுதான் வழக்கம். கண் வைக்கும்வரை அது பெயிண்ட். வைத்த பிறகு சாமி. அதற்கப்புறம் யாரும் அந்தச் சுவரில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். மலையடிவாரத்தில் ஓர் ஊரில் தப்பான சுவரில் அம்மன் எழுதிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவர். இரவல் வாங்கிய கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வேலை செய்ததன் பலன். அவர் இடிக்கவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல், மாடிப்படியை வேறு பக்கம் திருப்பிக் கட்டினார். இன்றைக்கும் அந்த வீட்டுக்குள் போக வீட்டைச் சுற்றித்தான் போக வேண்டும்.

இரண்டாம் நாள் சாயங்காலம். விழியில் வெள்ளை அடித்துவிட்டேன். கருமணிக்காகக் கறுப்பு டப்பாவைத் திறந்து சின்னத் தூரிகையை முக்கும்போது, திருப்பத்தூரிலிருந்து வந்த பெண்கள் பாதை முனையில் தெரிந்தார்கள்.

எங்க சாமெ எங்க?

முன்னால் வந்தவர் பச்சையம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு பை, கையில் செருப்பு. நடந்து கால் கடுத்துப்போய்க் கழற்றியிருக்க வேண்டும். சுவரைப் பார்த்ததும் செருப்பைக் கீழே போட்டார்.

"இன்னா தம்பி இது?"

"முருகர்க்கா."

"முருகருன்னு தெரிது. எங்க சாமெ எங்க?"

"இதான்க்கா நீங்க கேட்ட சாமி."

அவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பின்னால் ஒரு பெண்ணுக்கு முதலில் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள்.

"சாமென்னா சாமெய்யா! ஆக்கித் திங்கிற சாமெ! உள்ள இர்க்கிறது சாமெ அரைக்கிற மெஷினு!"

"கதிருன்னீங்களே..."

"சாமெக் கதிரு!"

"பறவ..."

"குருவிடா, குருவி! கொத்தித் திங்கற குருவி!"

பன்னிரண்டு பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அழித்துவிட்டு எழுதிக்கொள்ளலாம், இரண்டு நாள் கூலி போயிற்று, அவ்வளவுதானே என்று நினைத்தேன். அப்போது வெள்ளையன் வந்தார்.

"அழிக்கிறதா? வந்த சாமிய போன்னு சொல்லுவியா?"

"அது எங்க வந்துச்சு? இவன் காது கேக்காம எழுதினது."

"காத மூடினது யாரு? அவருதான். எடம் கேட்டு வந்து நிக்கிறாரு. சூடம் காட்டியாச்சு. இனிமே சுத்தபத்தமா இர்க்கணும். செருப்பு வெளிய. மாசத்துல அந்த மூணு நாளு யாரும் படியேறக் கூடாது."

சிரிப்பு நின்றுவிட்டது. அதுவரை எனக்கும் இது உறைக்கவில்லை. சாமைத் தானியத்தை அரைக்க அந்தப் பெண்கள் இத்தனை வருடம் உரலையும் உலக்கையையும்தான் நம்பியிருந்தார்கள். இல்லாவிட்டால் மூட்டையைப் பஸ்ஸில் போட்டு மலையை விட்டு இறங்க வேண்டும். அலைந்து அலைந்து ஒரு கட்டடம், ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார்கள். அதன் வாசலில் நான் ஒரு காவல்காரரை நிற்க வைத்துவிட்டேன்.

பச்சையம்மா மெதுவாகத்தான் பேசினார். "பன்னெண்டு பேரு நாங்க. ஆளுக்கு மூணு நாளு வெளிய நின்னா மெஷின எவ ஓட்றது? உன் முருகரா?"

"தம்பி, நீ கண்ண வை," என்றார் வெள்ளையன் என்னிடம். "மத்தத நாங்க பாத்துக்கறோம்."

"கண்ண வச்ச, கைய ஒடிச்சிடுவேன்," என்றார் பச்சையம்மா.

இரண்டு பேரும் என் தூரிகையையே பார்த்தார்கள். நான் அதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் அந்த நடை.

பாறை மேல் சிக்னல்

பாதி வழியில் ஒரு விஷயம் மூளையில் தட்டியது. கறுப்பு டப்பா அங்கேயே கிடக்கிறது. மூடிகூடப் போடவில்லை. கருமணி வைக்க ஆர்டிஸ்ட் எதற்கு? விரலை முக்கி இரண்டு புள்ளி வைத்தால் முடிந்தது.

பாதையோரப் பாறை மேல் ஏறி நின்றால் சிக்னல் வரும். ஏறினேன்.

"அக்கா, கறுப்பு டப்பா அங்கியே கீது."

"தெரியும். மூடி போட்டு அது மேலதான் குந்திக்கினு கீறேன்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"தம்பி, கண்ணு வைக்காத சாமி சாமியா இல்லியா? நீ சொல்லு."

"இல்லக்கா. வெறும் செவுரு."

"இத இங்க வந்து சொல்லு. நான் சொன்னா பொம்பள பேச்சும்பாங்க. காலைல எட்டு மணிக்கு ஊரு கூடுது. அதுவரைக்கும் நாங்க மாத்தி மாத்தி ஒக்காந்துக்கறோம்."

அவர் போனை வைத்த உடனே இன்னொரு அழைப்பு. ஜமுனாமரத்தூர் விடுதிக்காரர். புதிதாகப் பத்து அறை கட்டியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருகம், பத்து நாள் வேலை, சாப்பாடு, படுக்க இடம். காலை ஆறரை மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் ஜீப் நிற்கும். வராவிட்டால் வேலூரில் ஓர் ஆள் தயாராக இருக்கிறான்.

"வந்துக்கினே கீறேன்" என்றேன். வாய்ப்பழக்கம்.

காலையில் ஜீப் வந்து நின்றதைப் பார்த்தேன். டிரைவர் இறங்கி டீ சொன்னதையும் பார்த்தேன். நான் பக்கத்தில் நின்ற, அந்த ஊர்ப் பக்கம் போகும் பஸ்ஸின் கடைசி சீட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். யோசித்து முடிவெடுத்தேன் என்று எழுதினால் பொய். ஒரு பெண் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. பஸ் கிளம்பிய பிறகு நிமிர்ந்தேன்.

இடமும் வலமும்

சுவர் முன்னால் முப்பது பேர் இருப்பார்கள். டப்பா மேல் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு தம்பி," என்றார் பச்சையம்மா.

"கண்ணு வைக்கலீங்க. அதனால இது இன்னும் சாமி இல்ல," என்றேன்.

வெள்ளையன் விடவில்லை. "முழி வச்சிட்டியே? வெள்ள அடிச்சி கீதே. மணி மட்டும்தான பாக்கி?"

நியாயமான கேள்வி. எனக்கும் ராத்திரி அது வந்தது. என் தொழில் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"ஐயா, மணி வச்சா படம் நம்மள பாக்கும். இந்தப் பக்கம் போனாலும் பாக்கும், அந்தப் பக்கம் போனாலும் பாக்கும். பாக்காத கண்ணு கண்ணு இல்லீங்க. நீங்களே நடந்து பாருங்க."

அவர் நடந்தார். சுவரை விட்டுக் கண்ணெடுக்காமல் இடது பக்கம் பத்தடி போனார். நின்றார். வலது பக்கம் இருபதடி போனார். கூட்டம் மூச்சுவிடாமல் அவரோடு தலையைத் திருப்பியது. நடுவில் வந்து கொஞ்ச நேரம் முகத்துக்கு நேரே நின்றார். அவர் சாமியை வைத்து யாரையும் ஏமாற்றுகிறவர் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நிஜமாகவே பார்வையைத் தேடினார்.

"பாக்கல," என்றார் கடைசியில், யாரிடமோ கோபித்துக்கொண்டதுபோல. பிறகு என் பக்கம் திரும்பி, "அரகொறயா நிறுத்தின பாவம் உன்னைத்தான் சேரும்."

"சேரட்டும்ங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் போனதும் ஆட்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

நான் வெள்ளை பெயிண்டைக் கலக்கிக் கொடுத்தேன். முதல் கையை நான் வைக்க வேண்டாம் என்று பச்சையம்மாவே தூரிகையை வாங்கிக்கொண்டார். சுவர் முன்னால் நின்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோ சாமி. வேல கெடக்குது."

காலிலிருந்து மேலாக அடித்துக்கொண்டு போனார். முகம் வந்ததும் ஏணியில் ஏறினார். மெஷின் அறையின் கதவு திறந்திருந்தது. ஒரு பெண் செருப்புக் காலோடு உள்ளே போய், மெஷின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

முதல் பூச்சு காய மத்தியானம் ஆகும். அதற்குமேல் இன்னொன்று. அதுவரை சும்மா இருப்பானேன் என்று ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் சாமையை வரைந்து காட்டினேன். தடித்த தண்டு, நீளமான இலை, நெருக்கமாக மணி பிடித்து வளைந்த கதிர். எனக்குத் திருப்தியாக இருந்தது.

பெண்கள் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். 

"இது நெல்லு," என்றார் பச்சையம்மா.

நான் காலால் அழித்தேன்.

"சாமெய நீ பாத்ததே இல்லியா?"

"வழியெல்லாம் பாத்துக்கினுதான்க்கா போறேன்."

"பஸ்ல இர்ந்து." இடுப்பில் செருகியிருந்த அரிவாளை உருவிப் பிடிப்பக்கம் என்னிடம் நீட்டினார். "பெயிண்டு காயறவரைக்கும் எங்க கொல்லில வந்து அறு. நூறு கதிரு கைல புடிச்சா கையி தானா எழுதும்."

செங்கல், தட்டு, லாரி, சுவர் என்று நான் பார்த்த வேலைகளின் வரிசையில் அன்று காலை இன்னொன்று சேர்ந்தது. பன்னிரண்டு பெண்களுக்குப் பின்னால், சரிவில் சாமை விளைந்து நின்ற அவர்கள் கொல்லைக்கு ஏறிப்போய், இடது கையில் ஒரு பிடி சாமையைச் சேர்த்துப் பிடித்து அறுத்தேன்.

"அடில புடி, ஆர்டிஸ்டு," என்றாள் பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்தவள். "தலயப் புடிச்சா உதுந்துடும்."